அசையாதீங்க அக்காவின் பன்னிரண்டு நொடிகள்

வேலை நாட்களில் அவர் வாயிலிருந்து அதிகம் வரும் சொல் 'அசையாதீங்க'. ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் பதினான்கு வருடமாக அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். காலை எட்டு மணிக்கு ஈய அங்கியை மாட்டிக்கொண்டு நின்றால் பிற்பகல் மூன்றரைக்குள் எழுபது எண்பது பேர் வந்துபோவார்கள். கை, கால், இடுப்பு, நெஞ்சு. ஒவ்வொருவரையும் நிறுத்தி, திருப்பி, தோளை முன்னால் தள்ளி, தாடையைத் தூக்கிவிட்டு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் நின்று சொல்வார்: "மூச்ச இழுங்க. அடக்குங்க. அசையாதீங்க." பொத்தானை அழுத்துவார். "விடுங்க." ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவர் அசையாதீங்க அக்கா. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

அவருக்கு முப்பத்தெட்டு வயது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் அவருடைய முழு வேலையும் அசைவதுதான் என்று சொன்னால் அங்கே யாரும் நம்பமாட்டார்கள். அவரும் சொன்னதில்லை.

அது ஒரு ஆன்லைன் கேம். ஒரு பக்கம் ஐந்து பேர், எதிர்ப்பக்கம் ஐந்து பேர். இரண்டு கோட்டைகளுக்கும் நடுவே மூன்று பாதைகள். நான்கு பேர் அந்தப் பாதைகளில் நின்று எதிரிகளோடு மல்லுக்கட்டுவார்கள். ஐந்தாவது ஆளுக்குப் பாதை கிடையாது. பாதைகளுக்கு இடையில் கிடக்கும் காடுதான் அவருக்கு. அங்கே ஆறு இடங்களில் தவளை, ஓநாய், ஆமை, எருமை என்று மிருகங்கள் இருக்கும். ஒவ்வொன்றாக அடித்துச் சாய்த்துப் பலம் சேர்த்துக்கொண்டு, நம்மவர்கள் திணறும் பாதையில் எதிரிக்குப் பின்னாலிருந்து போய் நிற்க வேண்டும். அந்தக் காட்டு ஆள்தான் நம் அக்கா.

மூன்று வருடத்துக்கு முன்னால் கணுக்கால் எலும்பு முறிந்து நாற்பது நாள் வீட்டில் கிடந்தபோது பிடித்துக்கொண்ட பழக்கம் இது. கூடத்து மூலையில், துணி மடிக்கும் மேஜைமேல், கொழுந்தனின் கம்ப்யூட்டர் இருந்தது. அவன் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தவர், அவன் வேலைக்குப் போன நேரத்தில் தானும் ஆடிப் பார்த்தார். பாதைகளில் நிற்பவர்கள் ஓயாமல் பேசிக்கொண்டார்கள், திட்டிக்கொண்டார்கள். காட்டில் போகிறவர் மட்டும் தனியாகப் போனார். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. நாள் முழுக்க இன்னொருவர் எழுதித் தந்த பட்டியல்படி ஆட்களை நிறுத்துகிறவர். வீட்டில் கடிகாரம் சொல்வதைக் கேட்கிறவர். அடுத்து எங்கே போவது என்பதை அவரே முடிவு செய்த நேரம் வாரத்தில் இரண்டு மணி நேரம் என்றால், அந்த இரண்டும் காட்டில்தான் கழிந்தன.

அவர் பெரிய ஆட்டக்காரர் என்று சொல்வதற்கில்லை. வழி தப்பாது, கோபப்பட மாட்டார், தேவையில்லாமல் சாக மாட்டார். அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருப்பவர் ஒரு அணி சேர்த்தபோது, அந்த அவ்வளவே போதுமென்று அவரைச் சேர்த்துக்கொண்டார். மருந்துக்கடைக்காரர்தான் கேப்டன். மற்ற மூவரும் அவருடைய வாடிக்கையாளர்கள். மெத்தைக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்த நெட் சென்டரில் ஞாயிறுதோறும் மூன்று மணிக்கு ஆட்டம்.

அங்கேதான், வரிசையாக நாலாவது ஆட்டத்தையும் தோற்ற ஒரு ஞாயிறு, மாடிப்படியில் இறங்கும்போது கேப்டன் நின்று திரும்பினார்.

"எக்ஸ்ரே, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிக்கிற மாதிரி இருந்தா கோவிப்பேன். சொல்லுங்க."

"நீங்க காட்டுல ஆறையும் முடிச்சு முதல் சுத்து வர மூணு நிமிஷம் இருபத்தேழு செகண்டு ஆகுது. எதிர்ல இருக்குறவன் மூணு பதினஞ்சுல வந்துடுறான். நாலு வாரமா குறிச்சு வச்சிருக்கேன். கீழ்ப்பாதைல நாங்க ரெண்டு பேரும் செத்துக் கெடக்கோம். நீங்க அப்பத்தான் ஆமைகிட்ட நலம் விசாரிச்சுட்டு இருக்கீங்க."

பின்னால் வந்த ஒருவர் சிரித்தார். கேப்டன் சிரிக்கவில்லை. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டுமா, பின்னால் போட வேண்டுமா என்று சொல்கிற அதே குரலில் முடித்தார்.

"அடுத்த ஞாயிறு ஆட்டத்துல, மூணு பதினஞ்சுக்குள்ள ஆறையும் முடிங்க. இல்லன்னா உங்க இடத்துல தம்பி உக்காரட்டும்."

தம்பி என்று அவர் சொன்னது கொழுந்தனை. இருபத்தாறு வயது. பைக்கில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. அன்றும் அண்ணியின் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவன். வீட்டில் அவன் காட்டின் முதல் சுற்றை மூன்று நிமிடம் எட்டு நொடியில் முடிப்பான். அதற்குப் பிறகு எங்காவது வீராப்பாகப் போய் மாட்டிக்கொண்டு சாவான். வேகம் வந்துவிட்டது. கூடவே வர வேண்டிய மற்றவை இன்னும் வந்து சேரவில்லை.

கணவர் கார் ஓட்டப் பழக்குகிற பள்ளியில் வேலை செய்கிறார். கூரைமேல் பலகை வைத்த பயிற்சி வண்டியிலேயே இருவரையும் வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

"அண்ணி, எனக்கு அந்த இடம் வேணும்" என்றான் கொழுந்தன், பின்சீட்டிலிருந்து. "மூஞ்சிக்கு நேரா சொல்லாம இருந்துட்டான்னு நாளைக்கு நீங்க நெனைக்கக் கூடாதுல்ல."

"வேணும்னா எடுத்துக்கோ. நானா குடுக்க மாட்டேன்."

"ரெண்டு பேரும் வண்டிக்குள்ள சண்டை போடாதீங்க" என்றார் கணவர். "மேல பலகை இருக்கு. பாக்குறவன் நான் சொல்லிக்குடுக்குற லட்சணம்னு நெனைப்பான்."

பன்னிரண்டு நொடி. ஒரு நெஞ்சுப் படம் எடுக்கும் நேரம்கூட இல்லை. வீடு வந்து சேரும்வரை அக்கா அதையே யோசித்துக்கொண்டிருந்தார். அந்த இடம் போனால் ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியப்போவதில்லை, வீட்டில் ஒரு வேளைச் சோறு குறையப்போவதில்லை. யாருக்கும் தெரியாமல் போகக்கூடியது என்பதாலேயே அதை விட மனமில்லை.

திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு உட்கார்ந்து ஒரு சுற்று ஆடினார். கொழுந்தன் பின்னால் நின்று பார்த்தான். போட்டிக்காரன்தான், ஆனாலும் அடுத்தவர் ஆட்டத்தில் தப்பைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருக்க அவனால் முடியாது.

"எங்க நேரம் போகுதுன்னு தெரியுதா அண்ணி?"

"வழி நீளமா?"

"வழி சரியாத்தான் இருக்கு. நீங்க நிக்கிறீங்க. ஒரு அடி அடிச்சுட்டு, டோக்கன் வாங்கிட்டு நிக்கிற மாதிரி நிக்கிறீங்க. அது உங்களைத் திருப்பி அடிக்குது. வாங்கிக்கிறீங்க. அடுத்த அடி."

விஷயம் அதுதான். அக்கா ஆடும் ஆள் ஒரு கோடாரிக்காரி. அவள் ஒரு வீச்சு வீசினால் அடுத்த வீச்சுக்குக் கோடாரி மேலே போக ஒரு நொடி பிடிக்கும். அந்த ஒரு நொடியில் சும்மா நிற்கலாம். அல்லது, அடுத்த மிருகம் இருக்கும் திசையில் இரண்டு எட்டு வைக்கலாம். எட்டு வைத்தால் மிருகம் பின்னாலேயே வரும். நடந்து வருகிற மிருகத்தால் அடிக்க முடியாது. இப்படி அடி, எட்டு, அடி, எட்டு என்று இழுத்துக்கொண்டே போனால், அது சாயும்போது நாம் அடுத்த மிருகத்தின் வாசலில் நிற்போம். ஓடிச் சேர்க்கிற நேரம் இல்லை இது, நிற்காமல் மிச்சம் பிடிக்கிற நேரம்.

கேட்க எளிதாக இருந்தது. செய்தபோது மூன்று நிமிடம் நாற்பத்தொன்று ஆனது. கோடாரி இறங்குவதற்கு முன்பே எட்டு வைக்கச் சொன்னால் கோடாரிக்காரி சொன்னதைக் கேட்டு வீச்சைப் பாதியில் கைவிட்டு நடந்துவிடுகிறாள். அடியும் போச்சு, நேரமும் போச்சு. இன்னொரு பக்கம், ரொம்ப தூரம் இழுத்தால் மிருகத்துக்குப் பொறுமை தீர்ந்துவிடும். அதன் தலைக்கு மேலே ஒரு சின்னக் கோடு குறைந்துகொண்டே வரும். கோடு தீர்ந்ததும் மிருகம் திரும்பிப் போய்த் தன் இடத்தில் நின்றுகொள்ளும். போகிற வழியிலேயே பட்ட காயமெல்லாம் ஆறிவிடும். திரும்ப முதலிலிருந்து அடிக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை அக்காவுக்கு ஒரு வழி தோன்றியது. கைவசம் பதினான்கு வருடமாக ஒரு தாளம் இருக்கிறதே. கோடாரி மேலே போகும்போது 'இழுங்க' என்றார், வாய்க்குள். இறங்கும்போது 'அடக்குங்க'. இறங்கியதும் 'விடுங்க' என்று ஒரு எட்டு. ஆட்டத்துக்குத் தகுந்தபடி அந்த மூன்றையும் ஒரு நொடிக்குள் சுருக்கிக்கொண்டார். அன்று மூன்று இருபத்திரண்டு. புதன்கிழமை மூன்று பதினேழு.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த கணவர், ஓநாய்கள் நெருங்கும்போதெல்லாம் வலது காலைத் தரையில் அழுத்தினார். பயிற்சி வண்டியில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அந்தப் பழக்கம் காலைவிட்டுப் போகவில்லை.

"உங்க காலை எடுங்க. மேஜை ஆடுது."

"நீ நிக்கிற மாதிரியே தெரியல, அதான் அழுத்துறேன்."

கொழுந்தன் அன்று தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டான். இன்னும் இரண்டு நொடிதான் பாக்கி என்பது அவனுக்கும் தெரியும்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, இருமலுக்காக நெஞ்சுப் படம் எடுக்க ஒரு பெயிண்டர் வந்தார். விரல் நகங்களில் வெள்ளைச் சுண்ணாம்பு. அக்கா அவரைப் பிளேட்டோடு ஒட்டி நிறுத்தினார், தோளைத் தள்ளினார், தடுப்புக்குப் பின்னால் போனார்.

"மூச்ச இழுங்க. அடக்குங்க. விடுங்க."

விரல் பொத்தானை அழுத்தியது, அதற்குப் பிறகு.

படம் திரையில் வந்தது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒற்றைக் கோடாகத் தெரிய வேண்டிய விளிம்பு இரட்டையாகக் கலங்கித் தெரிந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பெயிண்டர் சொன்னதைத்தான் செய்திருந்தார். விடச் சொன்னதும் விட்டார். 'அடக்குங்க' என்பதற்கும் 'விடுங்க' என்பதற்கும் நடுவே இருந்த இடத்தை இரண்டே நாளில் அக்கா அரைத்துத் தின்றிருந்தார்.

"சரியா வரலையாம்மா?"

"நான்தான் தப்பு பண்ணிட்டேன். இன்னொரு தடவை நிக்கணும்."

"நிக்கிறேன், எனக்கென்ன. நாங்களும் செவுத்துக்கு ரெண்டு கோட்டிங் குடுக்காம விடமாட்டோம்."

இரண்டாவது படம் ஒழுங்காக வந்தது. பெயிண்டர் சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

திரும்ப எடுத்த படங்களுக்கென்று அந்த அறையில் ஒரு பதிவேடு உண்டு. தேதி, நேரம், எந்த உறுப்பு, காரணம். அக்காவின் கையெழுத்தில் பதினோரு மாதமாக அதில் ஒரு வரி இல்லை. பேனாவை எடுத்தபோது, அடுத்த ஆளைக் கூட்டிவந்த நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

"நோயாளி அசைந்தார்னு போட்டுடுங்க அக்கா. எல்லாரும் அதானே போடுறாங்க."

"அவர் அசையல. நான் விடச் சொன்னேன், விட்டாரு."

"அதை யாரு வந்து பாக்கப்போறா?"

"யாரும் பாக்க மாட்டாங்க" என்றார் அக்கா. 'எடுத்தவரின் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டாம் முறை விழுந்த கதிர் மிகக் கொஞ்சம். உடம்புக்கு அதனால் ஒன்றும் ஆகிவிடாது என்று அவரே தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிறார். அது கணக்கு. முன்பின் தெரியாத ஒரு மனிதரின் நெஞ்சில் தன் விளையாட்டு போய் விழுந்துவிட்டது என்பது வேறு. அந்த இரண்டையும் கூட்டிக் கழித்து ஒரு முடிவுக்கு வர அவரால் முடியவில்லை. முடிந்ததெல்லாம் ஒன்றுதான். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் தாளத்தை விட்டுவிட்டார்.

தாளம் இல்லாமல் மூன்று முப்பத்தாறு.

"என்ன அண்ணி, மறுபடி டோக்கன் வரிசையா?"

நடந்ததைச் சொன்னார். கொழுந்தன் தலையைச் சொறிந்தான்.

"வேலை வேற, ஆட்டம் வேற அண்ணி. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க."

"வேற வேறதான். வாய் ஒண்ணாச்சே."

கணவர் உதவிக்கு வந்தார். வண்டியின் இண்டிகேட்டர் போல நாக்கால் டொக், டொக் என்று தட்டுவதாகவும், அந்தச் சத்தத்துக்கு எட்டு வைத்தால் போதுமென்றும் சொன்னார். எத்தனையோ பேருக்கு வளைவில் திருப்பச் சொல்லிக்கொடுத்த சத்தம் அது. பத்து நிமிடம் தட்டினார். மிருகம் ஒன்றும் சாகவில்லை. இடையில் அவருக்குக் கொட்டாவி வந்து தாளம் தப்பியது.

"நான் காட்டுல இருக்கேனா, வண்டியில இருக்கேனான்னே தெரியல" என்றார் அக்கா. "போய் டிவி பாருங்க."

"நல்லதுக்குச் சொன்னா யாரு கேக்குறா" என்று முணுமுணுத்தபடி எழுந்து போனார். போகும்போதும் வாய் டொக் என்றது.

வெள்ளிக்கிழமை வேலையில் அக்கா எப்போதையும்விட மெதுவாக இருந்தார். ஒவ்வொரு 'அடக்குங்க'வுக்குப் பிறகும் பொத்தானை அழுத்திவிட்டோமா என்று விரலைப் பார்த்துக்கொண்ட பிறகே 'விடுங்க' என்றார். மதியம், விழுந்து கையில் அடிபட்ட ஒரு தையல்காரம்மா வந்தார். முழங்கையை மேஜைமேல் வைத்து நீட்டச் சொன்னார் அக்கா. "இன்னும் கொஞ்சம். இன்னும். அதான், முழுசா நீண்டுடுச்சு. அப்படியே இருங்க." மேல்கை எலும்பும் கீழ்க்கை எலும்பும் ஒரே கோட்டில் வந்து நிற்கிற அந்த இடத்தைக் கண்டுபிடிக்க அவருக்குக் கருவி வேண்டாம். தோலுக்கு மேலிருந்தே தெரியும்.

மாலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோது, அவர் முதல்முறையாகக் கோடாரிக்காரியின் கையைப் பார்த்தார். மூன்று வருடமாகக் கோடாரியையும் மிருகத்தையும்தான் பார்த்திருக்கிறார். வீச்சு இறங்கும்போது அவளுடைய முழங்கை நீண்டது. முழுசாக நீண்ட அந்தக் கணத்தில்தான் அடி விழுந்தது. அதற்குப் பிறகு அவள் எங்கே நடந்தாலும் அடி அடிதான். எண்ண வேண்டியதில்லை, வாய்க்குள் சொல்ல வேண்டியதில்லை. முழங்கை நீண்டதும் எட்டு வைத்தால் போதும்.

இதைக் கண்டுபிடிப்பு என்றெல்லாம் சொல்ல முடியாது. நன்றாக ஆடுகிற பலரும் இதைத்தான் செய்கிறார்கள், தெரியாமலே. அவருக்குத் தெரிந்து செய்ய வேண்டியிருந்தது, அவ்வளவுதான். வெள்ளி மூன்று பத்தொன்பது. சனிக்கிழமை ஆறு முறை ஆடினார். இரண்டு முறை மூன்று பதினாறு, ஒருமுறை இருபது, மூன்று முறை பதினான்கு.

கொழுந்தன் கடைசிச் சுற்றின் நேரத்தைப் பார்த்துவிட்டு, "ம்" என்றான். அவனிடமிருந்து அது பெரிய வார்த்தை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி. நெட் சென்டரில் மின்விசிறி ஒரு பக்கமாக இழுத்துச் சுற்றியது. கேப்டன் முன்னாலேயே வந்து, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு வைத்திருந்தார். அக்கா நாற்காலியை உயர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். கணவரும் கொழுந்தனும் பின்னால் பெஞ்சில். கேப்டன் தனக்கும் கூட்டாளிக்கும் உரிய கீழ்ப்பாதைக்குப் போனார். அக்கா காட்டுக்குள் போனார்.

தவளை சாய்ந்தது. ஓநாய்கள் சாய்ந்தன. அடி, முழங்கை, எட்டு. பருந்துகளை அடித்துக்கொண்டே ஆமையின் குளத்துக்கு நடந்தார். ஆமை விழுந்தபோது, சனிக்கிழமையின் சிறந்த சுற்றைவிட இரண்டு நொடி முன்னால் இருந்தார். அது அவருக்கும் தெரிந்தது. தெரிந்ததுதான் வினையாயிற்று.

ஐந்தாவது, எருமை. அதைக் கடைசி மிருகமான கல்பூதத்தை நோக்கி இழுத்துக்கொண்டு போனார். இன்னும் ஒரு எட்டு இழுத்தால் இன்னும் அரை நொடி மிச்சம் என்று கை நினைத்தது. அந்த ஒரு எட்டு அதிகம். எருமையின் தலைக்கு மேலிருந்த சின்னக் கோடு தீர்ந்தது. அது திரும்பிக்கொண்டு, பட்ட அடியெல்லாம் ஆறியபடி, தன் புல்வெளிக்கு நடந்தது. கால்வாசி உயிர்தான் மிச்சம் இருந்தது அதற்கு. இப்போது முழுசாக நின்றது.

நேரம் இரண்டு நிமிடம் ஐம்பத்தொன்பது. திரும்பப் போய் அடித்தால், ஆறையும் முடிக்க மூன்று இருபத்தொன்று ஆகும். கணவரின் கால் தரையை அழுத்துகிற சத்தம் கேட்டது.

அக்கா ஒரு நொடி எருமையைப் பார்த்தார். பிறகு அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கல்பூதத்திடம் போனார். அடித்து முடித்தபோது மூன்று நிமிடம் எட்டு நொடி. அங்கிருந்து கீழ்ப்பாதைக்கு ஐந்து எட்டுத்தான். புதருக்குள்ளிருந்து வெளியே வந்தபோது, கேப்டனையும் கூட்டாளியையும் எதிரிகள் இருவர் கோட்டைச் சுவர்வரை தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். இந்த அக்கா மூன்று இருபத்தேழுக்கு முன்னால் வரமாட்டார் என்று அவர்களும் கணக்கு வைத்திருந்தார்கள் போல. முதுகுப்பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவன் அங்கேயே விழுந்தான். இன்னொருவன் பாதி உயிரோடு ஓடினான்.

அதற்குப் பிறகு ஆட்டம் இவர்கள் பக்கமே சாய்ந்திருந்தது. முப்பத்துநாலாவது நிமிடத்தில் எதிரிக் கோட்டை விழுந்தது. ஐந்து வாரத்தில் முதல் வெற்றி.

கேப்டன் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் போட்டார். மருந்துச் சீட்டை எடுத்து எதையோ பெரிதாக எழுதினார்.

"மூணு எட்டு. கல்பூதம் விழுந்த நேரத்தைக் கண்ணால பாத்தேன். முடிஞ்சுது கதை. தம்பி, நீ இன்னும் கொஞ்ச காலம் பார்சலே கொண்டு போ."

எல்லோரும் சிரித்தார்கள். கேப்டன் கீழ்ப்பாதையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். எருமை நடந்து போனதை அவர் பார்த்திருக்க வழியில்லை. மற்ற மூவரும் அப்படித்தான். பார்த்துப் புரிந்துகொண்டவர்கள் இரண்டே பேர்: அக்கா, பின்னால் பெஞ்சில் இருந்த கொழுந்தன். கணவரும் பார்த்தார், ஆனால் எருமை திரும்பிப் போனால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாது.

கொழுந்தன் தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். திறந்தான், மூடினான்.

அக்கா ஹெட்போன் வயரைச் சுருட்டி மடித்து வைத்தார். மறுபடி பிரித்துச் சுருட்டினார்.

"கேப்டன், அஞ்சுதான் முடிச்சேன்."

"என்ன அஞ்சு?"

"எருமையை ரொம்ப இழுத்துட்டேன். திரும்பிப் போயிடுச்சு. விட்டுட்டு வந்துட்டேன். நீங்க ஆறு சொன்னீங்க."

கேப்டன் மருந்துச் சீட்டையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சொல்லாம இருந்திருக்கலாம்ல?"

"இருந்திருக்கலாம்."

"இப்ப நான் என்ன பண்றது? ஜெயிச்ச ஆளை உக்காரவச்சுட்டேன்னு நாலு பேரு என்னைச் சிரிக்கவா?"

"வார்த்தை உங்களோடது. நான் ஒண்ணும் கேக்கல."

கேட்கவில்லை என்பது உண்மை. ஆனால், உண்மையைச் சொல்லிவிட்டோமே, அதற்காகவாவது மன்னித்துவிடுவார் என்று உள்ளே ஒரு மூலையில் அவர் எதிர்பார்த்திருந்தார். அந்த எதிர்பார்ப்பை அப்போதுதான் கவனித்தார். அது அவருக்குப் பிடிக்கவில்லை. பதிவேட்டில் எழுதும்போது அப்படி ஒன்று இருக்கவில்லை.

கேப்டன் பத்து மாத்திரை கேட்டவருக்கு ஒன்பது கொடுக்கிற ஆள் இல்லை. பதினொன்று கொடுக்கிற ஆளும் இல்லை. கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார்.

"அடுத்த ஞாயிறு தம்பி ஆடட்டும். அதுக்கு அடுத்த ஞாயிறு நீங்க. மாத்தி மாத்தி. யாரு தேறுறாங்கன்னு நான் பாத்துக்கறேன்."

நியாயம் என்றும் சொல்ல முடியாது, அநியாயம் என்றும் சொல்ல முடியாது. தீர்ப்பு, அவ்வளவுதான். அக்கா தலையாட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார்.

வண்டி மெத்தைக் கடையைத் தாண்டித் திரும்பியதும் அவர் பின்னால் பார்த்தார்.

"நீ பாத்தல்ல?"

"பாத்தேன்."

"ஏன் சொல்லல? உனக்கு வேணும்னு சொன்னியே."

"நீங்க எப்படியும் சொல்லிடுவீங்கன்னு தெரியும். அப்புறம் நான் எதுக்கு நடுவுல வந்து கெட்ட பேரு வாங்கணும்?"

கணவர் சிரித்ததில் வண்டி கொஞ்சம் இடப்பக்கம் போய் வந்தது. அக்கா சிரிக்கவில்லை என்று சொல்ல முடியாது.

சிறிது நேரம் கழித்துக் கொழுந்தன் முன்சீட்டுக்கு அருகே குனிந்தான்.

"நானா இருந்தா அந்த எருமையை விட்டுட்டுப் போயிருக்க மாட்டேன் அண்ணி. திரும்பப் போய் அடிச்சிருப்பேன்."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

"அப்புறம் எப்படி விட்டீங்க?"

அக்கா யோசித்தார். எருமையைவிடக் கீழ்ப்பாதைதான் முக்கியம் என்று அந்த நொடியில் தெரிந்துதான் விட்டாரா, அல்லது செய்த தப்பின் முகத்தைத் திரும்பப் பார்க்கப் பிடிக்காமல் விட்டாரா என்று அவருக்கே தெளிவாகவில்லை.

"தெரியல" என்றார். "விட்டதுக்கப்புறம்தான் விட்டது தெரிஞ்சுது."

இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் ஒரு ஞாயிறு அவர், ஒரு ஞாயிறு கொழுந்தன். கேப்டனின் மருந்துச் சீட்டில் இருவருக்கும் தனித்தனிப் பத்திகள் இருக்கின்றன. கொழுந்தன் மூன்று ஐந்துக்கு வந்துவிட்டான். எருமை திரும்பிப் போனால் இப்போதும் திரும்பப் போய் அடிக்கிறான். அக்கா மூன்று பதினான்கிலேயே நிற்கிறார். அதற்குக் கீழே போவாரென்று தோன்றவில்லை. எக்ஸ்ரே அறைப் பதிவேட்டில் பெயிண்டரின் வரிக்குப் பிறகு அவர் கையெழுத்தில் வேறு வரி இல்லை.

நெட் சென்டர்க்காரர் மட்டும் ஒரு புகார் சொன்னார். அண்ணி ஒரு வாரம் நாற்காலியை உயர்த்துகிறார், கொழுந்தன் மறு வாரம் இறக்குகிறான், ஏற்றி இறக்கி அதன் கைப்பிடி தேய்ந்துவிட்டது, இரண்டில் ஒன்றாக முடிவு செய்யுங்கள் என்றார். கேப்டன் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். இன்னும் ஒரு வருடம் தாங்கும் என்றார்.